கூஸ் மல்காஸின் கை

சுதை வேலையில் கண்ணைக் கடைசியில்தான் வைப்போம். கம்பி கட்டி உடம்பை எழுப்பி, பூச்சு பூசி, நகையும் ஆடை மடிப்பும் எடுத்து, வண்ணமும் அடித்து முடித்த பிறகு, நல்ல நேரம் பார்த்துக் கண் திறப்போம். அதற்கு முன் கருவிழி எழுதச் சொன்னால் கை போகாது. நியூ-பெதெஸ்தாவில் நான் பார்த்த சிமென்ட் ஆந்தைகளுக்கோ கண்தான் முதலில். சாந்து ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பதித்தால்தான் கண்ணாடிக் கண் பிடித்து நிற்கும். ஆகவே கண்ணை வைத்துவிட்டு, அதைச் சுற்றி முகத்தை இழைத்திருக்கிறார்கள். விளிம்பில் சாந்தை வழித்து ஒதுக்கிய தடம் இன்னும் இருக்கிறது. கரண்டித் தடம் அல்ல, விரல் தடம். அதைப் பார்த்ததும் இது வேலை தெரிந்த கை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் சுதை ஸ்தபதி. தாய்மாமனிடம் தொழில் படித்தவன். திருப்பணி வேலையாகத்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனேன். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களோடு தொடங்கியது அங்கே நம்மவர்களின் வாழ்க்கை. கையில் காசு சேரும் முன்பே கோயில் எழுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கோயில்களைக் கட்டியவர்களாக கிஸ்தப்ப ரெட்டி, கொத்தனார் ராமசாமிப் பிள்ளை என்ற இரண்டு பெயர்களை இன்றும் சொல்கிறார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் விநாயகர் கோயில் ரெட்டி கட்டியது. கட்டியவன் பெயர் இப்படி நூறு வருஷத்துக்கு மேல் நிற்பது எங்கள் தொழிலில் அபூர்வம். கோபுரத்தில் உபயதாரர் பெயர் இருக்கும், திருப்பணிக் குழுவின் பெயர் இருக்கும், தலைமை ஸ்தபதியின் பெயர் சில இடங்களில் இருக்கும். துவாரபாலகரின் விரலை இழைத்தவன் பெயர் எங்கும் இராது.

வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், கோயில் குழுவில் இருந்த ஒரு பெரியவர், "ஐயா, நீங்க அந்த ஆந்தை வீட்ட பாக்காம ஊருக்குப் போகக் கூடாது" என்று சொல்லித் தன் காரிலேயே கூட்டிப்போனார். உடன் என் அக்காள் மகனும் வந்தான். அவன் என்னிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். டர்பனின் ஈரக்காற்றை விட்டு மேற்கே போகப் போக மரம் குறைந்து, புல் குறைந்து, கடைசியில் கல்லும் புதரும் மட்டும் மிஞ்சுகிற கரூ பீடபூமி வருகிறது. க்ராஃப்-ரெய்னெட் என்ற பழைய ஊருக்கு வடக்கே, ஸ்னீயுபெர்க் மலையடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது நியூ-பெதெஸ்தா. 1875-இல் ஒரு தேவாலயத்தை ஒட்டி உருவான ஊர். தெருவிளக்கு கிடையாது. தெருவோரம் வாய்க்கால் ஓடுகிறது, வீட்டுக்கு வீடு முறைத்தண்ணீர் பாய்கிறது. எதிரே கொம்பாஸ்பெர்க் சிகரம், 2,500 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் பனி விழும். இந்தப் பனியும் பகல் வெயிலும்தான் அந்த வீட்டுச் சிலைகளுக்கு எமன் என்பது பிறகு புரிந்தது.

வீடு ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற அம்மையாருடையது. ஊரில் மிஸ் ஹெலன். 1897 டிசம்பரில் இதே ஊரில் பிறந்தவர். ஆசிரியப் படிப்பு படித்து வெளியூரில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்தார், அது நிலைக்கவில்லை. 1920-களின் கடைசியில், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தார். 1941-இல் தாய் போனார், 1945-இல் தகப்பனார். ஐம்பதை நெருங்கும் வயதில், சிறிய ஊரில், சாதாரணமான ஒரு வீட்டில் தனியாக மிஞ்சினார். நோயாகப் படுத்திருந்த ஓர் இரவு ஜன்னலில் நிலவொளி விழ, தன் வாழ்க்கை எவ்வளவு மங்கிக் கிடக்கிறது என்று நினைத்தார், இதற்குள் ஒளியைக் கொண்டுவருவேன் என்று முடிவெடுத்தார். அங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. நான் நம்புகிறேன். அந்த வீட்டுக்குள் போனவர் யாரும் நம்புவார்கள்.

உள்ளே சுவரும் கூரைத்தளமும் முழுக்கக் கண்ணாடித் துகள். பாட்டில்களை உடைத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் கை மில்லில் அரைத்து, நிறம் நிறமாகப் பிரித்து ஜாடிகளில் போட்டு வைத்திருக்கிறார். அந்த ஜாடிகள் சாமான் அறை அலமாரியில் இப்போதும் வரிசையாக இருக்கின்றன. சுவரில் பெயின்ட் அடித்து, அது காய்வதற்குள் துகளை அதன்மேல் ஒட்டிவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்தவனுக்குத்தான் தெரியும். பெயின்ட் இளக்கமாக இருந்தால் துகள் வழிந்து கீழே சேரும், இறுகிவிட்டால் பிடிக்காமல் உதிரும். நின்ற சுவரிலாவது கீழே விழுவதைத் திரும்ப அள்ளலாம். தலைக்கு மேலே கூரையில்? அண்ணாந்து நின்று வேலை செய்யும்போது தூசி எங்கே விழும் என்று கோபுரக் கூட்டுக்குள் பூச்சு வேலை செய்த எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கண்ணாடியை மாவாக அரைத்தால் அதன் நிறம் போய்விடும். பச்சைப் பாட்டிலோ பழுப்புப் பாட்டிலோ, மாவாகிவிட்டால் வெளிறிய தூள்தான். நிறம் நிற்க வேண்டுமானால் துகள் ரவை போல இருக்க வேண்டும், அதிலும் கொஞ்சம் பெருநொய் கலந்திருந்தால்தான் மினுங்கும். மிஸ் ஹெலன் வீட்டுச் சுவரில் நிறம் அப்படியே நிற்கிறது. பார்த்துப் பார்த்து அரைத்து, சலித்து, அளவு பிரித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பொருளே கற்றுக்கொடுத்திருக்கிறது.

சூரியன், நிலா, நட்சத்திரம், இதயம் என்று வெட்டிய கண்ணாடிகள் அறைக்கு அறை. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டால் ஒரு சுடர் பத்து இடத்தில் தெரியும், சுவர் முழுக்க அது சிதறும். பகலில் சூரியன் நகர நகர அறையின் நிறம் மாறுகிறது. சிவப்பு ஜன்னலின் வெளிச்சம் எதிர்ச்சுவரின் வெள்ளைத் துகளில் விழுந்து ஊறியதைப் பார்த்தபடி என் மருமகன் நின்றான், கூப்பிட்டும் வரவில்லை. ஒளியைப் பூசுவது என்று ஒரு வேலை உண்டென்றால் இதுதான் அது. தகப்பனார் இருந்த அறையை மட்டும் கறுப்பு அடித்து, சிங்கக் குகை என்று பெயர் வைத்திருந்தார். அதைப் பற்றி ஊரில் பல பேச்சு. அது அவர்கள் குடும்பத்து விஷயம். நான் அந்த வாசலில் அதிகம் நிற்கவில்லை.

பின்முற்றத்துக்கு ஒட்டக முற்றம் என்று பெயர். 300-க்கும் மேற்பட்ட சிலைகள். ஒட்டகங்களும் ஞானிகளும் யாத்திரிகர்களும் கிழக்கு பார்த்து ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். இடையிடையே ஆந்தைகள், மயில்கள், கடல்கன்னிகள், பாட்டில்களை அடுக்கிப் பாவாடையாகக் கட்டிய பெண்கள். பைபிளும் உமர் கய்யாமும் வில்லியம் பிளேக்கின் படங்களும் புத்தரும் அந்த அம்மையாரின் மனதில் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார்கள், முற்றத்திலும் அப்படியே. வேலியில் கம்பியை வளைத்து எழுத்தாக்கி, இது என் உலகம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஓய்வூதியம் என்று வந்த சொற்பப் பணம் சிமென்ட்டுக்கும் மெழுகுவர்த்திக்கும் போனது. ரொட்டியும் தேநீருமாக நாளை ஓட்டினார் என்கிறார்கள்.

"மாமா, இதுல எதுவுமே தாலத்துக்கு வரலையே" என்றான் மருமகன்.

வராதுதான். தாலம் என்பது எங்கள் சிற்ப அளவு முறை. உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம், நவதாலம் என்றால் 108. முகத்தை அலகாக வைத்து கழுத்து, மார்பு, நாபி, முழங்கால் என்று இறங்குவோம். இங்கே தலை பெரிது, கை நீளம், கால் குட்டை. ஆனால் அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒட்டகத்தின் முதுகைத் தொட்டுப் பார். தொட்டான். முதுகெலும்பு எங்கே இறங்குகிறது, விலா எங்கே தொடங்குகிறது, கழுத்துச் சதை தோளில் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்த கை அது. அளவு தவறலாம், உடம்பு தவறவில்லை.

அந்தக் கை கூஸ் மல்காஸுடையது. கட்டட வேலையும் பார்ப்பார், ஊர் ஊராகப் போய் ஆட்டு ரோமமும் கத்தரிப்பார். உயிருள்ள ஆட்டைக் காலிடுக்கில் பிடித்து, தோல் கிழியாமல் கத்தரிக்கோலை ஓட்டுகிறவனுக்கு, ரோமத்துக்கு அடியில் எலும்பு எங்கே இருக்கிறது என்று விரலிலேயே தெரியும். அவர் செய்த விலங்குகளுக்கு உயிர் வந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. அவருக்கு முன் யோனாஸ் ஆதம்ஸ், பீட் வான் டெர் மெர்வே என்ற இருவர் மிஸ் ஹெலனுக்கு உதவியிருக்கிறார்கள். 1964-இல் கூஸ் வந்தார். அவர் வந்த பிறகுதான் முற்றம் நிறைந்தது. 12 வருஷம் சேர்ந்து வேலை செய்தார்கள். அம்மையார் ஒரு தபாலட்டையையோ புத்தகப் படத்தையோ காட்டுவார், மனதில் இருப்பதைச் சொல்லுவார். இவர் கம்பியை வளைத்து, வலையைச் சுற்றி, சாந்து அப்புவார். வரைபடம் கிடையாது. நாங்களும் அப்படித்தான், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு, மீதி வாய்ப்பேச்சு.

அது இனஒதுக்கல் காலம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, கலப்பினத்தவர் என்று அரசாங்கம் முத்திரை குத்திய ஒருவர் தினமும் வேலைக்கு வந்தது ஊருக்குப் பொறுக்கவில்லை. பேச்சு கிளம்பியது. அம்மையார் தன் வேலையை நிறுத்தவில்லை, கூஸும் வருவதை நிறுத்தவில்லை. வெயிலில் சாந்து இறுகும் முன் முடிக்க வேண்டிய வேலைக்கு இருவர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் பூச. தீண்டக்கூடாது, சேரக்கூடாது என்று சட்டம் போட்ட தேசத்தில் அந்த முற்றத்துச் சாந்து இரண்டு பேர் கையிலும் ஒட்டியிருந்தது. இதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் கலவை குழைத்த சித்தாள் கருவறை வாசலில் நிற்க முடியாத காலத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வருஷக்கணக்கில் கண்ணாடி அரைத்ததில் மிஸ் ஹெலனின் பார்வை பழுதானது. கண்ணுக்குக் காப்பில்லை, மூக்குக்குத் துணியில்லை. ஒளிக்காகவே வாழ்ந்தவருக்கு வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. 1976 ஆகஸ்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 78. அவர் போன பிறகு கூஸ் சில காலம் இருந்துவிட்டு, பிழைப்புக்காக வெகுதூரத்தில் உள்ள வூஸ்டருக்குப் போய்விட்டார். வீடு கவனிப்பாரின்றிக் கிடந்தது.

சிமென்ட் சிலை கவனிப்பாரின்றிக் கிடந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஒட்டகங்களின் காலில் கம்பிவலைக்கு மேல் இருக்கும் சாந்து பல இடங்களில் அரை அங்குலம்கூடத் தேறாது. சிமென்ட் புதிதாக இருக்கும்வரை அதன் காரம் கம்பியைக் காக்கும். வருஷம் போகப் போகக் காற்றிலுள்ள கரியமிலவாயு உள்ளே இறங்கி, அந்தக் காரத்தை முறிக்கும். பிறகு ஈரம் பட்டால் போதும், துரு. துரு என்பது இரும்பைவிடப் பருமன் அதிகம். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும், மேல்பூச்சு வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கி, இரவில் உறைந்து விரிந்தால் துண்டாக விழும். பாட்டில் பாவாடைக்குள் தண்ணீர் தேங்கி உறைந்தாலும் இதே கதி. கண்ணாடியும் சிமென்ட்டும் சேர்ந்தால் இன்னொரு பகையும் உண்டு. பெரிய கண்ணாடித் துண்டு சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து கூழாகும், ஈரம் கிடைத்தால் அந்தக் கூழ் உப்பும். கரூ வறண்ட மண் என்பதால் இந்த வியாதி அங்கே மெதுவாக நடக்கிறது. டர்பன் கடற்கரையில் இந்த முற்றம் இருந்திருந்தால் இத்தனை காலம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

அங்கே சூரியன் வடக்கு வானில் போகிறது. அதனால் சிலைகளின் வடபுறம் வெயிலில் வெளிறி மயிர்க்கோடு விட்டிருக்கிறது, தென்புறம் நிழலில் பாசி படர்ந்திருக்கிறது. சிலையைச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் ஒரு வயசு, மறுபக்கம் ஒரு வயசு. ஒரே கலவையை இரண்டு பக்கமும் பூசினால் நிற்காது என்று அக்காள் மகனுக்குக் காட்டினேன். அவன் குறிப்பேட்டில் படம் போட்டுக்கொண்டான்.

1991-இல், அந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று கூடியவர்கள் கூஸ் மல்காஸையே தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். நான் கேள்விப்பட்டதில் இதைவிடப் புத்திசாலித்தனமான திருப்பணி முடிவு வேறில்லை. ஐந்து வருஷம் போல அவர் அங்கே இருந்து, உடைந்த கழுத்துகளையும் விழுந்த சிறகுகளையும் தன் கையாலேயே சரிசெய்தார். ஒரு சிலையில் பழுது பார்த்த இடத்தை வைத்தே பார்த்தவனைச் சொல்லிவிடலாம். வேற்றுக் கை பட்டால் அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும். கூஸ் சேர்த்த ஒட்டுகளில் நிறம்தான் வேறு, ஓட்டம் வேறில்லை. 2000-இல் அவர் காலமானார். அதற்குப் பிறகு வருகிற பழுதை யார் பார்ப்பது என்பதுதான் அந்த வீட்டின் உண்மையான கேள்வி.

எங்கள் மரபில் இதற்கு விடை உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம். பாலாலயம் செய்து, சாரம் கட்டி, பழுதான பொம்மையை உடைத்துப் புதிதாகச் செய்வோம். பழைய முகம் போய்விடும், தெய்வம் இருக்கும். கோபுரம் பூசையில் இருக்கிறவரை அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஆந்தை வீட்டை அப்படிப் புதுப்பிக்க முடியாது. அங்கே இருப்பது இரண்டு பேர், அந்த இரண்டு பேரின் 12 வருஷம். உடைத்துப் புதிதாகச் செய்தால் அவர்கள் போய்விடுவார்கள். கழுவலாம், வெடிப்பை அடைக்கலாம், துருவைச் சுரண்டிக் கம்பிக்குக் காப்புப் பூசலாம், தண்ணீர் வடிய வழி செய்யலாம். அதற்குமேல் கை வைக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினம் என்று தொழில்காரனுக்குத் தெரியும். சப்பையான மூக்கைப் பார்த்தால் விரல் தானாக நிமிர்த்தப் போகும்.

இப்படிப்பட்ட வேலைக்கு மேல்நாட்டில் அவுட்சைடர் ஆர்ட் என்று பெயர். ரோஜர் கார்டினல் என்ற அறிஞர் 1972-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. கலைப்பள்ளிக்கும் கலைச்சந்தைக்கும் வெளியே நின்று செய்தவர்களின் கலை என்று பொருள் சொல்கிறார்கள். மிஸ் ஹெலனுக்கு அது பொருந்தலாம். கூஸை அப்படிச் சொல்ல என் வாய் வரவில்லை. சாந்து குழைப்பது, கம்பி கட்டுவது, இறுகுவதற்கு நீர் ஊற்றுவது இதெல்லாம் ஒரு தொழில், அந்தத் தொழிலுக்குள் அவர் முழுக்க முழுக்க இருந்தவர். உள்ளே விடாதது வேறு எதுவோ.

அதோல் ஃபுகார்ட் என்ற பெரிய நாடகாசிரியர் மிஸ் ஹெலனை வைத்து 1984-இல் மெக்காவுக்குப் போகும் பாதை என்ற நாடகம் எழுதினார். உலகம் அந்த வீட்டை அறிந்தது அதனால்தான், அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் மேடையில் வருவது மூன்றே பேர், அம்மையாரும், அவருடைய இளம் தோழியும், ஊர்ப் பாதிரியாரும். சாந்து அப்பியவர் மேடைக்கு வரவில்லை. 2008-இல் அவருடைய பேத்தி ஜூலியா மல்காஸ், கவிஞர் ஜெனி கௌசினோடு சேர்ந்து தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதன் தலைப்பிலேயே ஆந்தை வீட்டின் சிற்பி என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைக் குடும்பத்துப் பெண்ணே சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வெளியே தெருவில் உள்ளூர் ஆட்கள் சிமென்ட் ஆந்தை செய்து விற்கிறார்கள். ஓர் இளைஞரிடம் பெரியவர் ஆங்கிலத்தில் பேசி, நாங்கள் யார் என்று சொன்னார். உடனே அவர் பாதி செய்து வைத்திருந்த ஒன்றை எடுத்து எங்களிடம் நீட்டினார். கம்பிவலையில் நேராகச் சாந்து அப்பியிருந்தார். என் மருமகன் சிமென்ட் பால் கரைத்து, முதலில் அதை வலையெல்லாம் படும்படி பிரஷால் அடித்து, அது உலரும் முன் சாந்து வைத்துக் காட்டினான். இப்படிச் செய்தால் கம்பியோடு பிடிப்பும் வரும், துருவும் தள்ளிப்போகும். அவர் பதிலுக்கு, சாந்தின் மேல் நிற்கும் நீர்ப்பளபளப்பு அடங்கும் நேரம் பார்த்துக் கண்ணாடித் துகளைத் தூவி, கரண்டியின் பின்புறத்தால் அமுக்கும் பக்குவத்தைக் காட்டினார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அந்த ஆந்தையை விட்டு எழுந்திருக்கவில்லை.

டர்பன் திரும்பியதும் கோயில் குழுவிடம் ஒன்று கேட்டேன். கோபுரத்தில் உபயதாரர் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் வேண்டும், அதில் வேலை செய்தவர்கள் பெயர் எல்லாம் வர வேண்டும், கலவை குழைத்த உள்ளூர்ப் பையன்கள் உட்பட, அவர்களில் ஜூலு பையன்களும் உண்டு. கொஞ்சம் யோசித்தார்கள், சிலர் தயங்கினார்கள். எங்களைக் காரில் கூட்டிப்போன பெரியவர் எழுந்து, கல்லின் செலவு தன்னுடையது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பட்டியலைத் தமிழில் வெட்டுவதா ஆங்கிலத்தில் வெட்டுவதா என்று கேட்டார். இரண்டிலும் என்றேன்.